காமிரா உள்ளின் இருட்டு

தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்தை ஒட்டி ஒரு சிறிய அறை இருக்கும். அதற்குக் ‘காமிரா உள்’ என்று பெயர். ஊறுகாய் ஜாடிகள், பித்தளைப் பாத்திரங்கள், பழம்புடவைகள் வைத்த மரப்பெட்டி என்று வீட்டின் பாதிச் சரித்திரம் அங்கேதான் அடைந்து கிடக்கும். பெரும்பாலும் ஜன்னல் இராது. கதவைத் திறந்து ஐந்தாறு நொடிகள் நின்றால்தான் எது எங்கே இருக்கிறது என்று புலப்படத் தொடங்கும். காமிரா என்பது போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த சொல். அறை என்று பொருள். ஒளிப்படக் கருவிக்குப் பெயர் கொடுத்ததும் அதே வேர்தான். சிறு துளை வழியே வெளியுலகம் தலைகீழாக வந்து விழும் அறையை லத்தீனில் ‘காமெரா அப்ஸ்கூரா’, இருட்டறை, என்றார்கள். பின்னாளில் இருட்டு என்கிற பாதி உதிர்ந்துவிட, அறை மட்டும் கருவியின் பெயராக நிலைத்தது.

எங்கள் வீட்டுக் காமிரா உள்ளை நான் 2008ஆம் ஆண்டு மே மாதம் படமெடுத்தேன். வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டிருந்தது. வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார் என்பதும் தெரியும். பத்து மெகாபிக்ஸல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்றை வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதோடு ஒரு மோகமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஹெச்டிஆர் என்பது அந்த மோகத்தின் பெயர். விரிவாகச் சொன்னால் ஹை டைனமிக் ரேஞ்ச். தமிழில் உயர் ஒளிவீச்சு என்று சொல்லிப் பார்க்கலாம். மிகுந்த வெளிச்சமும் ஆழ்ந்த இருட்டும் ஒரே காட்சியில் இருக்கும்போது இரண்டையும் இழக்காமல் படத்துக்குள் கொண்டுவரும் முறை.

முற்றம் வைத்த வீட்டை விட இதற்குப் பொருத்தமான இடம் கிடையாது. உச்சி வெயில் முற்றத்தில் நேராக இறங்குகிறது. நான்கு புறமும் தாழ்வாரம், அதற்கப்பால் கூடம், கூடத்தின் கோடியில் காமிரா உள்ளின் திறந்த கதவு. முற்றத்துக் கல்லுக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால் கூடம் கரிக்கட்டை. கூடத்துக்கு வைத்தால் முற்றம் வெந்த சுண்ணாம்பு. ரேழி வாசலில் முக்காலியை நிறுத்தி ஐந்து படங்கள் எடுத்தேன். முதல் படத்துக்கு ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு, அடுத்தது 60இல் ஒரு பங்கு, பிறகு 15இல் ஒன்று, கால் நொடி, கடைசியாக ஒரு முழு நொடி. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விட்டது. ஊருக்குத் திரும்பி ஐந்தையும் மென்பொருளுக்குள் போட்டேன். அது அரைத்து முடித்துக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. தூணின் ரேகைகள், ஓட்டுச்சரிவின் ஒவ்வொரு வரிசை, காமிரா உள்ளின் பின்சுவரில் வரிசையாக நின்ற ஜாடிகளின் கழுத்தில் கட்டிய துணி முடிச்சு வரை எல்லாம் தெரிந்தன.

பெரிதாக அச்சிட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “என்னடா இது, நம்மாத்துக்குப் புதுசா வெள்ளை அடிச்சிருக்காளா?”

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில் ஒரு தவறான குற்றச்சாட்டைத் தள்ளி வைத்துவிடலாம். பல படங்களை ஒன்றாக்குவது ஏமாற்று வேலை, ஒரே சொடுக்கில் எடுத்ததுதான் உண்மையான ஒளிப்படம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒளிப்படத்தின் வரலாறு அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

1850களில் பயன்பட்ட ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மசிந்துவிடும். கடலுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெறும் வெள்ளைத்தாளாகப் போய்விடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளை எடுத்தபோது சில படங்களில் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என்று தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். அவருடைய ஒரே வானம் வெவ்வேறு கடல்களின் மேல் நின்றதும் உண்டு. இன்று ஹெச்டிஆரை எதிர்ப்பவர்களில் பலர் லெ கிரேயின் அலைகளை மெய்மறந்து பார்ப்பவர்கள். அவரைத் தூய ஒளிப்படக்காரர் என்று ஏற்றுக்கொண்டுவிட்டு, அதே சிக்கலுக்கு மென்பொருளில் தீர்வு காண்பவனைப் பொய்யன் என்பது நியாயமாகாது.

கண்ணும் அப்படியொன்றும் ஒரே சொடுக்கில் பார்ப்பதில்லை. முற்றத்தைப் பார்க்கும்போது பாவை சுருங்குகிறது. கூடத்துக்குத் திரும்பினால் விரிகிறது. காமிரா உள்ளின் இருட்டுக்கு விழித்திரை மெல்லப் பழகுகிறது. துண்டு துண்டாகப் பார்த்ததையெல்லாம் மூளை தைத்துக் கொடுப்பதைத்தான் நாம் ‘காட்சி’ என்கிறோம். அந்த வகையில் ஐந்து எக்ஸ்போஷர்களை எடுத்துச் சேர்ப்பவன், ஒரே எக்ஸ்போஷர் எடுப்பவனை விடக் கண்ணின் நடைமுறைக்கு நெருங்கியே இருக்கிறான். ஆகவே சேர்ப்பதில் பிழையில்லை. பிழை அதற்குப் பிறகு நேர்கிறது.

அதைப் புரிந்துகொள்ள, டிஜிட்டல் ஹெச்டிஆர் எதற்காகப் பிறந்தது என்று பார்க்கவேண்டும். ஸ்டீவ் மான், ரோஸலிண்ட் பிகார்ட் இருவரும் 1995இல் வெவ்வேறு எக்ஸ்போஷர் படங்களைச் சேர்த்து ஒளிவீச்சை விரிப்பது பற்றி எழுதினார்கள். 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. அதில் வரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஸ்டான்ஃபோர்டின் நினைவுத் தேவாலயம். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சூரியன். கீழே மங்கிய மரவேலைப்பாடுகள். 30 நொடியிலிருந்து நொடியில் 1000இல் ஒரு பங்கு வரை பதினாறு படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து அக்காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் எவ்வளவு ஒளி இருந்தது என்று கணக்கிட்டார்கள். அழகான தேவாலயப் படம் எடுப்பது அவர்களுக்கு முதல் நோக்கமாக இருக்கவில்லை. ஒளியை அளப்பதுதான் நோக்கம். அப்படி அளந்த ஒளியை வைத்து, கணினியில் உருவாக்கிய ஒரு பந்தை நிஜமான இடமொன்றில் இருப்பதுபோல் ஒளியூட்டிக் காட்டலாம் என்று டெபெவெக் 1998இல் நிறுவினார். திரைப்படங்களின் காட்சிமாயங்கள் அந்த வழியில் வெகுதூரம் வந்துவிட்டன.

சரியாகச் சொன்னால் ஹெச்டிஆர் கோப்பு என்பது ஓர் அளவைப் பதிவேடு. அதில் உள்ள அத்தனை ஒளியையும் அன்றைய கணினித்திரை காட்டாது. காகிதம் அதை விடவும் குறைவாகவே காட்டும். ஆகவே அந்தப் பெரிய வீச்சை நசுக்கிச் சிறிய வீச்சுக்குள் அடைக்கவேண்டும். இதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். நாமெல்லாம் ‘ஹெச்டிஆர் படம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் உயர்ந்த வீச்சைக் குறைந்த வீச்சுக்குள் திணித்த படத்தைத்தான். (உண்மையாகவே கூடுதல் ஒளியுடன் காட்டும் திரைகள் பிற்பாடு வந்தன, பெயர் ஒன்றானாலும் அது வேறு சமாசாரம்.)

திணிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. படம் முழுவதற்கும் ஒரே விதியைப் போட்டு நசுக்குவது ஒன்று. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, அங்கங்கே தனித்தனியாகச் சரிசெய்வது மற்றொன்று. இரண்டாவது வழியில்தான் விவரங்கள் பொங்கி வரும். மென்பொருள்களின் கவர்ச்சியும் அதில்தான். 2003இல் ஃபோட்டோமேட்டிக்ஸ் வந்தது. 2005இல் ஃபோட்டோஷாப்பின் சிஎஸ்2 பதிப்பில் இந்த வசதி சேர்ந்தது. பிறகு இணையம் முழுவதும் ஒரே மாதிரிப் படங்கள் பெருகின. கோபுர விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம், இரும்பாய்க் கறுத்த மேகங்கள், சருமத்தில் மண் அப்பியது போன்ற முகங்கள். ஒளிவட்டத்துக்குக் காரணம் எளிது. கோபுரத்தை ஒட்டிய வானத்துக்கு ‘அக்கம்பக்கம்’ என்பது இருண்ட கோபுரம். ஆகவே அங்கே மட்டும் வானத்தை வெளுக்க வைக்கிறது கணக்கு. தள்ளியிருக்கும் வானத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா. ஒலி அமைப்பாளர் ஒருவர், எதுவும் கேட்காமல் போய்விடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், நான்குக்கும் ஒலியைச் சமமாக ஏற்றிவைக்கிறார். தம்புரா இப்போது தெளிவாகக் கேட்கிறது. அதன் ஒவ்வொரு தந்தியும் கேட்கிறது. கச்சேரிதான் போய்விட்டது. தம்புரா கேட்டும் கேட்காமல் இருப்பதன்மேல்தான் பாட்டு உட்கார்ந்திருக்கிறது. படத்தில் நிழலுக்கு உள்ள இடமும் அதுவே. அம்மா கேட்டதன் பொருள் எனக்கு மெல்லப் புரிந்தது. அறுபது வருடங்கள் அந்த வீட்டில் அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. முற்றத்தின் கூசலிலிருந்து கூடத்தின் குளிர்ச்சிக்கு வந்து, கண் பழகி, காமிரா உள்ளுக்குள் நுழைந்து ஜாடியைத் தடவி எடுப்பது என்பது ஒரு வரிசை. அந்த வரிசையை நான் ஒரே சமதளமாக்கிவிட்டேன். வெள்ளையடித்தாற்போல்தான் இருக்கும்.

*

ஒளியை ஆள்வதில் ஆன்ஸல் ஆடம்ஸை மிஞ்சியவர் என்று எவரையும் சொல்லத் தயங்குவேன். பியானோக் கலைஞராகப் பயின்றவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, அச்சுப் பிரதி அதன் நிகழ்த்துதல் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒப்புமை. 1940ஆம் ஆண்டு வாக்கில் ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த ‘ஸோன்’ முறையில், முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை பதினொரு படிகள் உண்டு. காட்சியில் எந்தப் பொருள் எந்தப் படியில் விழவேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே மனதில் முடிவுசெய்ய வேண்டும். பூஜ்யமாவது படி, ஒன்றும் தெரியாத கறுப்பு, அந்த அட்டவணையில் ஒரு பிழையாக இடம்பெறவில்லை. மற்றப் பத்துப் படிகளைப்போல் அதுவும் ஒரு தெரிவு.

அவருடைய மிகப் பிரபலமான படம் 1941 நவம்பரில் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்தது. மாலை வெயிலின் கடைசிக் கீற்றில் கல்லறைச் சிலுவைகள், மேலே நிலவு. ஒளிமானி கையில் அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்துக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது தகட்டைத் தயார் செய்வதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. ஹெச்டிஆர் பிரியர்கள் கவனிக்கவேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. முன்புறம் மங்கலாக இருந்ததால் 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் மீண்டும் ரசாயனத்தில் இட்டு வலுவேற்றினார். அங்கே அவர் விவரத்தைக் கூட்டினார். வானத்தில் நேர்மாறாகச் செய்தார். தொடக்ககால அச்சுகளில் மேல்வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரிகின்றன. பிந்தைய அச்சுகளில் வருடத்துக்கு வருடம் வானம் கறுத்துக்கொண்டே போகிறது; மேகங்கள் மறைந்து, கிட்டத்தட்ட முழுக் கறுப்பில் நிலவு தனியே நிற்கிறது. நெகட்டிவில் இருந்த தகவலை, தெரிந்தே, தன் கையால் அவர் இருட்டில் புதைத்தார். அந்தப் படத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கறுப்பு வானத்தோடுதான்.

இந்தியாவில் இதற்கு இணையான ஒரு முற்றக் கதை உண்டு. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசியின் முற்ற வீடு ஒன்றைக் கலை இயக்குநர் பன்ஸி சந்திரகுப்தா கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தார். காசியின் குறுகிய, உயர்ந்த வீடுகளில் முற்றத்துக்கு வெயில் நேராக வருவதில்லை. வானத்தின் ஒளி சுவர்களில் பட்டுத் தெறித்துத் தெறித்துக் கீழே இறங்குகிறது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே துணியை விரித்துக் கட்டி, ஸ்டூடியோ விளக்குகளை அதன்மேல் அடித்துத் தெறிக்கவிட்டார். படச்சுருளின் குறுகிய ஒளிவீச்சுக்குள் ஒரு வீட்டின் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வியும். எல்லாம் தெரியவேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் ஒளி எங்கிருந்து வருகிறது, எங்கே களைத்துப்போகிறது என்று கேட்டார். நம் தலைமுறையில் பி.சி. ஸ்ரீராம் ‘மௌன ராகம்’ (1986), ‘நாயகன்’ (1987) படங்களில் முகங்களைப் பாதி இருட்டில் விட்டபோது, அரங்கில் “ஒண்ணுமே தெரியலையே” என்று முணுமுணுத்தவர்களின் நடுவே நானும் உட்கார்ந்திருக்கிறேன். வேலு நாயக்கரின் முகத்தை இன்று நினைத்துக்கொண்டால், அந்த இருட்டோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

*

ஹெச்டிஆரைக் கைவிடச் சொல்கிறேனா? இல்லை. கையில் டிஜிட்டல் கேமராவோடு கோயில் மண்டபத்துக்கோ பழைய வீட்டுக்கோ போகும் நண்பர்களுக்கு, எடுப்பதைத் தாராளமாக எடுங்கள் என்றே சொல்வேன். எடுக்கும் முறை கடினமானதல்ல. முக்காலி வேண்டும். அப்பர்ச்சரை மாற்றக்கூடாது, ஷட்டரை மட்டுமே மாற்றவேண்டும். அப்பர்ச்சர் மாறினால் தெளிவின் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஃபோகஸை ஒருமுறை வைத்துவிட்டுத் தானியங்கியை அணைத்துவிட வேண்டும். வண்ணச் சமநிலையும் நிலையாக இருக்கட்டும். ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து, ரா கோப்பாக எடுப்பது நல்லது. விரலால் அழுத்தினால் கேமரா அசையும். இரண்டு நொடி டைமரே போதும். மிகக் குறைந்த எக்ஸ்போஷர் படத்தில் எதுவும் வெளுத்துப் போயிருக்கக்கூடாது. மிகக் கூடிய எக்ஸ்போஷர் படத்தில், உங்களுக்கு வேண்டிய இருட்டில் எதுவும் அடைந்துபோயிருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை படி என்பதைக் காட்சி சொல்லும். இன்றைய நல்ல கேமராக்கள் ஒரே ரா கோப்பில் பதினான்கு ஸ்டாப் வரை பிடித்துவிடுகின்றன. 2008இல் எனக்கு ஐந்து படங்கள் தேவைப்பட்ட இடத்தில் இன்று ஒன்றோ இரண்டோ போதும்.

சேர்க்கும்போதுதான் நிதானம் வேண்டும். ‘உங்களுக்கு வேண்டிய இருட்டில்’ என்று மேலே எழுதியதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மென்பொருளைத் திறப்பதற்கு முன், இந்தப் படத்தில் எது இருட்டாகவே இருக்கவேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் படம் இன்னும் உங்கள் மனதில் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். சேர்த்து முடித்த பிறகும், எந்த மூலையையும் மறுபடி இருட்டாக்க அஞ்ச வேண்டாம். அளவைப் பதிவேட்டில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டவேண்டிய கட்டாயம் எவருக்கும் கிடையாது.

அழகு சம்பந்தப்பட்ட விவகாரம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். செய்திப் படங்களுக்கு வரும்போது இது அழகோடு நிற்பதில்லை. 2012 ஜனவரி 13 அன்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், முப்பது ஆண்டுகளுக்கு முன் விமானம் மோதிய பாலத்தின் படம் ஒன்றை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அது ஹெச்டிஆர் படம்; பல படங்களைச் சேர்த்து உருவாக்கியது என்று படத்தின் கீழே தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனாலும் பெரிய சர்ச்சை எழுந்தது. என் வாக்கு இதில் அந்த இதழின் பக்கம்தான். சொல்லிவிட்டுச் செய்ததில் ஏமாற்று ஏதுமில்லை.

அதே ஆண்டு நவம்பரில் காஸா நகரில் பால் ஹான்ஸன் எடுத்த படம் எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை. வான்தாக்குதலில் கொல்லப்பட்ட இரண்டு குழந்தைகளை உறவினர்கள் ஒரு குறுகிய சந்தில் ஏந்திவருகிறார்கள். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அதை அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தது. பல படங்களை ஒட்டியது என்று குற்றச்சாட்டு எழுந்தபோது, 2013 மே மாதம் நிபுணர்களிடம் ரா கோப்பைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒட்டுவேலை எதுவும் இல்லை. நிறத்திலும் ஒளியிலும் ஆங்காங்கே திருத்தம் உண்டு என்பது முடிவு. படம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சுவரும் முகங்களும் ஒன்றுபோல் மினுங்கும் அந்த ஒளி, அது ஒரு திரைப்படச் சுவரொட்டியோ என்று ஒரு கணம் என்னை நினைக்க வைத்தது. ஒரு துக்கத்தின் முன்னால் நிற்கும் பார்வையாளனுக்கு அந்த ஒரு கணச் சந்தேகத்தைக் கொடுப்பதே பெரிய இழப்பு. அந்தக் குழந்தைகளுக்கு இருந்திருக்கவேண்டிய சாட்சியம், ஒளியின் உண்மையைப் பற்றிய வாக்குவாதமாகச் சில மாதங்கள் திசைமாறிப் போயிற்று.

*

இதுவரை சொன்னதெல்லாம், முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மென்பொருளின் முன் உட்கார்ந்து, தானாக முடிவெடுத்தவர்களைப் பற்றி. நல்ல முடிவோ கெட்ட முடிவோ, எடுத்தது ஒரு மனிதர். இன்று அந்த நிலை மாறிவிட்டது. 2010இல் ஐபோனில் முதலில் ஹெச்டிஆர் வந்தபோது அதை இயக்கவும் அணைக்கவும் ஒரு தெரிவு இருந்தது. சேர்த்த படத்தோடு, சேர்க்காத படத்தையும் வைத்துக்கொள்ளலாம். இப்போது பல கைபேசிகளில் அந்தத் தெரிவே கண்ணில் படுவதில்லை. நாம் பொத்தானைத் தொடும்போது அது பல படங்களை எடுத்து, வரிசைப்படுத்தி, கூட்டிக் கழித்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, ஒன்றை நம்மிடம் நீட்டுகிறது. 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீயின் புகையால் சான் ஃபிரான்சிஸ்கோவின் வானம் பகலில் ஆரஞ்சு நிறமானது. மக்கள் கைபேசியை உயர்த்திப் படமெடுத்தார்கள். பல படங்களில் வானம் சாம்பல் நிறமாக வந்தது. அது ஒளிவீச்சின் பிழையல்ல, தானியங்கி வண்ணச் சமநிலையின் பிழை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் மனோபாவம் ஒன்று. உலகம் எப்படி இருக்கவேண்டும் என்று கருவி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. கண்ணெதிரில் இருப்பது அதற்கு மாறாக இருந்தால் திருத்திவிடுகிறது.

இதை வடிவமைத்த பொறியாளர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர். கூகுளின் கைபேசிகளில் 2018இல் இரவுப்பட வசதி வந்தபோது, அதை உருவாக்கியவர்கள் ஒரு சுவையான சிக்கலைப் பற்றி எழுதினார்கள். இருட்டில் எடுத்த படத்தைக் கணக்குப்படி வெளிச்சமாக்கினால் அது பகலைப் போல ஆகிவிடுகிறது, பார்ப்பவர் குழம்புகிறார். ஆகவே பழைய ஓவியர்களிடம் போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் ஜோசஃப் ரைட் போன்றவர்கள் இரவுக்காட்சியை வரையும்போது முரணைக் கூட்டி, காட்சியைச் சுற்றிலும் இருட்டால் சூழ்ந்து, நிழல்களைக் கறுப்புக்குள் இறக்கிவிடுவார்கள் என்று கண்டு, அந்த உத்திகளைத் தம் நிரலுக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் காட்டும் வல்லமை வந்த பிறகு, எதையாவது மறைத்தால்தான் இரவு இரவாக இருக்கும் என்று அவர்களும் கண்டுகொண்டார்கள். எனக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் எல்லோருடைய இரவுக்கும் ஒரே அளவு இருட்டை ஒரு நிரல் அளந்து ஊற்றுவது ஆறுதலில் சேராது. கும்பகோணத்துக் கூடத்தின் இருட்டும் கலிஃபோர்னியாவின் உணவகத்து இருட்டும் ஒன்றல்ல.

*

கடந்த ஆண்டு பழைய வட்டுகளைப் புதிய கணினிக்கு மாற்றும்போது அந்த ஐந்து கோப்புகள் அகப்பட்டன. மென்பொருள் சேர்த்த படத்தை இத்தனை வருடங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். மூலப் படங்களைத் திரும்பத் திறந்ததே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். நொடியில் 15இல் ஒரு பங்கு எடுத்த மூன்றாவது படத்தில், காமிரா உள்ளின் நிலைப்படியில் ஓர் உருவம் நின்றது.

அத்தை. அப்பாவின் அக்கா. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து அந்த வீட்டுக்குத் திரும்பியவள். பிறகு ஐம்பது வருடங்களுக்கு மேல் அந்த வீட்டின் உள்கட்டிலேயே இருந்தாள். வாசலுக்கு யாராவது வந்தால் அவள் போய் நிற்கும் இடம் காமிரா உள்தான். ஷட்டரின் சத்தம் கேட்டு, “என்னடா சத்தம்?” என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். கேமராவைக் கண்டதும் உள்ளே திரும்பிவிட்டாள். அவள் கேட்டதும் நான் “ஒண்ணுமில்லை அத்தை” என்றதும்கூட இப்போது நினைவுக்கு வருகிறது. மூன்றாவது படத்தில் முகத்தின் ஒரு பக்கமும் புடவைத் தலைப்பும் மங்கலாகத் தெரிகின்றன. கால் நொடியில் எடுத்த நான்காவது படத்தில் ஒரு பழுப்புத் தீற்றல். ஒரு நொடி எடுத்த ஐந்தாவது படத்தில் யாரும் இல்லை. ஜாடிகள் மட்டும் மிகத் தெளிவாக இருக்கின்றன.

மென்பொருள் தவறேதும் செய்யவில்லை. இருட்டான பகுதிகளுக்கு, அதிக ஒளி வாங்கிய ஐந்தாவது படத்தில்தான் சுத்தமான தகவல் இருந்தது, அதை எடுத்துக்கொண்டது. படங்களுக்கிடையே அசைந்துபோகும் பொருளுக்கு அந்த மொழியில் ‘கோஸ்ட்’ என்று பெயர், பேய். பேய் நீக்கும் கட்டத்தில் டிக் அடித்தது நான்தான். ஜாடிகளின் கழுத்தில் இருந்த முடிச்சுவரை காட்டித்தந்த அந்தப் படம், அங்கே நின்ற மனுஷியை நீக்கிவிட்டிருந்தது. அதைப் பார்த்து நான் பூரித்துப் போயிருந்தேன்.

அந்தப் படம் எடுத்த மறு வருடம் அத்தை காலமானாள். அவளைத் தனியாக வைத்து யாரும் ஒரு படம் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது கோப்பை எந்தத் திருத்தமும் செய்யாமல் அச்சிட்டேன். முற்றம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. தாழ்வாரத் தூண்கள் இருக்கவேண்டிய மாதிரி இருக்கின்றன. காமிரா உள் இருட்டு. உற்றுப் பார்த்தால்தான் அவள் தெரிவாள். நிழலைச் சற்றே தூக்கினால் முகம் இன்னும் தெளிவாகும், செய்து தரட்டுமா என்று அச்சகத்துப் பையன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

அம்மாவிடம் காட்டினேன். இப்போது அவளுக்குப் பார்வை முன்னைவிட மங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிலைப்படியின்மேல் விரலை வைத்து, “இவ எப்பவும் இங்கேதான் நிப்பா” என்றாள்.